இருக்கட்டும் விடு

சரவணம்பட்டியில் எங்கள் அடுக்குமாடிக் கோபுரத்தின் சுவர்கள் மெலிசு. இதைச் சொன்னால் ஒட்டுக்கேட்கிறேன் என்பார்கள். மெலிசாகக் கட்டினால் காது என்ன செய்யும்? பக்கத்து வீட்டுத் துளசிமணி காலையில் மிக்ஸி போடும்போதே புருஷன் மயில்சாமியைத் திட்டவும் தொடங்குவாள். கொஞ்ச காலமாக மிக்ஸி மட்டும்தான் ஓடியது. மயில்சாமி எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து ஒரே பதில்: “சரிங்க.” ஒரு பெண் திடீரென்று இவ்வளவு நல்லவளானால் சந்தேகம் வராதா?

போதாக்குறைக்கு, மயில்சாமியின் தனிச்சோதனை இரண்டு முறை பாதியில் நின்றுவிட்டது. இன்னொரு முறை நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அந்தக் காலத்தில் இணையச் செயலி எழுதுகிறவர்கள் இப்படிச் சோதிப்பார்களாம். ஒரு துண்டு நிரலை மட்டும் பிரித்தெடுத்து, அது நம்பியிருக்கிற மற்றவற்றுக்குப் பதில் போலிகளை ஊட்டி, தனியாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு எந்தப் புத்திசாலிக்கோ அதை மனிதர்களுக்கும் செய்யத் தோன்றியது. இப்போது கோபுரவாசி ஒவ்வொருவருக்கும் வருடாந்தரச் சோதனை உண்டு. அவருடைய ‘சார்பு’களை, அதாவது பெண்டாட்டி பிள்ளைகளை, அன்று ஒதுக்கிவைத்துவிட்டு அதே முகம், அதே குரலில் பதிலி இயந்திரங்களை அனுப்புவார்கள். பதிலிக்குச் சொல்லிக்கொடுத்த பதில்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. மயில்சாமிக்கு வந்த பிழைச்செய்தி: ‘சார்பு கிடைக்கவில்லை’.

நேற்றுக் காலை ரொட்டி வாங்க, கோபுர வாசல் கேட்டுக்கு எதிரிலுள்ள பேக்கரிக்குப் போனேன். மூலை மேசையில் துணிப்பையோடு துளசிமணி! பாதி இளைத்திருந்தாள்.

“ஏம்புள்ள, இப்பத்தான் உன் குரல உங்கூட்டுல கேட்டுட்டு வர்றேன்?”

“செண்பகாக்கா,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சண்டை போட்டுட்டு உடுமலைல அக்கா ஊட்டுக்குப் போனனுங்க்கா. திரும்பி வந்தா இந்தக் கேட்டு என்னைய உள்ள உடமாட்டேங்குது. துளசிமணி ஊட்டுலதான் இருக்காங்கன்னு சொல்லுது. அவருக்குப் போன் அடிச்சா எங்குரலே எடுத்து ‘சரிங்க’ன்னு வெச்சுருது. அப்ப நான் ஆருங்க்கா?”

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. என் விருந்தாளி அனுமதியில் அவளை மேலே கூட்டிவந்தேன்.

மயில்சாமி வீட்டுக் கதவு திறந்திருந்தது. கோளாறு பார்க்க வந்த சோதனையாளர் ஜெனிட்டா கைத்திரையை நோண்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் வாசலோரம் நின்றோம். நான்தான் நிறுத்தினேன். எதையும் முதலில் கேட்க வேண்டும்.

“சோதனைல தப்பு இல்ல சார். நிஜ ஆள எடுத்துட்டுப் பதிலிய வைக்கணும். இங்க எடுக்கறதுக்கு நிஜ ஆளே இல்ல. அந்த இடத்துல போன வருஷச் சோதனைப் பதிலிதான் உக்காந்திருக்கு.”

“அதெப்படிங்க வரும்?” என்றார் மயில்சாமி, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு.

“சோதனை முடிஞ்சதும் பதிலி அலமாரிக்குப் போயிரும். சம்சாரம் வெளியூர் போனா வீடு அத எடுத்து விட்டுரும், அவங்க திரும்பி வந்ததும் கழட்டிரட்டுமான்னு ஒரு தடவ கேக்கும். நீங்க என்ன சொன்னீங்க?”

ஜெனிட்டா திரையைத் தொட்டாள். சுவரிலிருந்து மயில்சாமியின் குரலே வந்தது. “இருக்கட்டும் விடு.”

அந்த நேரம் பார்த்துப் பதிலி தேநீரோடு வந்தது. அதே மூக்குத்தி, அதே மச்சம். தலை மட்டும் படிய வாரியிருந்தது.

துளசிமணி உள்ளே போனாள். “தெரிஞ்சேதான் வெச்சுருந்தீங்களா?”

மயில்சாமிக்கு முகம் வெளிறிவிட்டது. “நீ சண்டை போட்டுட்டுப் போயிட்ட. அது சண்டை போடல, துளசி.”

வீடு குறுக்கிட்டது. “துளசிமணி என்ற பெயரில் இருவர் உள்ளனர். உரிமையாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும்.”

அவர் இவளைப் பார்த்தார். அதைப் பார்த்தார். வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தார். “இப்பிடி டக்குனு கேட்டா எப்பிடிங்க?”

“சரிங்க,” என்றது பதிலி.

துளசிமணி சிரித்துவிட்டாள். அப்படியொரு சிரிப்பை அவளிடம் நான் கேட்டதில்லை. “ஏனுங்க அம்மிணி, ரெண்டு பேத்தையும் இவரு கணக்குலருந்து கழட்டிருங்க.”

ஜெனிட்டா தயங்கினாள். “சார் வேண்டாம்னு சொன்னா நிறுத்திருவேன்க்கா.”

சொல்வார் என்று எல்லோருமே காத்திருந்தோம். அவர் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெனிட்டா திரையை அழுத்தினாள். பதிலி சுவரோரம் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. துளசிமணி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். முதுகுக்குப் பின்னால் சோதனை தானாக மறுபடி ஓடியது. வீடு குதூகலமாக அறிவித்தது: “மாற்றுவதற்கு யாரும் இல்லை. சார்பு ஏதுமற்றவர். மயில்சாமி, தேர்ச்சி.”

இப்போது துளசிமணி என் வீட்டில்தான் இருக்கிறாள். இன்று காலை என் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டே, தேங்காய் அழுகல் என்று என்னைத் திட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மயில்சாமியின் குரல் கேட்டது.

“டீ கிடைக்குமா?”

துளசிமணி மிக்ஸியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். அங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி மிக்ஸியைப் போட்டாள்.