பெயர் எழுதாத குடுவை

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. ஜெரால்டு எழுந்தான். கீசரைப் போட்டான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினான். நான்கு முட்டைகளை வேகவைத்துத் தின்றான். பிரெட்டில் எட்டுத் துண்டுகள் மிச்சம் இருந்தன, அவற்றையும் தின்றான். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தான். பெல்ட்டை அடுத்த ஓட்டைக்குத் தளர்த்த வேண்டியிருந்தது. போன வாரமும் தளர்த்தியிருந்தான். கதவுக்குப் பின்னால் ஆணியில் மனைவி ஃபெபியின் நர்ஸ் அடையாள அட்டை தொங்கியது. அதன்மேல் தன் சட்டையை மாட்டாமல் இருக்க அவன் பழகிக்கொண்டு பதினொரு மாதமாகிறது. பூட்டிவிட்டு முனிர்கா சந்தில் இறங்கினான்.

ஜனவரிப் பனி தெருவை மூடியிருந்தது. எதிரே வந்த இ-ரிக்‌ஷாவின் ஒற்றை விளக்கு அருகில் வரும்வரை மஞ்சள் கறையாகவே இருந்தது.

ஏழு மணிக்கு ஆய்வகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அதற்காகத்தான் அவன் ஏழு மணிக்கு வருவான். அவன் வேலை செல்களை வளர்ப்பது. நோயாளிகளிடமிருந்து எடுத்த புற்றுநோய்க் கட்டிச் செல்கள் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகளில், உடம்பின் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டர் என்ற இரும்புப் பெட்டிக்குள் வளர்ந்தன. மீடியம் என்ற சிவந்த திரவத்தை ஊற்றினால் தின்னும், பெருகும். தின்னத் தின்ன அந்தச் சிவப்பு ஆரஞ்சாகி, கடைசியில் மஞ்சளாகும். மஞ்சள் என்றால் பசி. இது முதல் நாளே எல்லோருக்கும் சொல்லித்தரப்படுவது.

இன்குபேட்டர் கதவைத் திறந்தான். ஈரமான சூடு முகத்தில் பட்டது. கீழ்த் தட்டில், மற்றவற்றுக்குப் பின்னால், பெயர் எழுதாத ஒரு குடுவை இருந்தது. அதில் மீடியம் மாற்றினால் மூன்று நாள் தாங்கும். எப்போதும் மூன்று நாள்.

நேற்று மாலை ஆறு மணிக்கு மாற்றியிருந்தான். இப்போது எலுமிச்சை மஞ்சளாக இருந்தது.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். கலங்கவில்லை, கிருமி இல்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்தான். செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, திராட்சைக் கொத்துகளாகத் திரண்டு, இடம் போதாமல் குடுவையின் கழுத்துவரை வந்திருந்தன.

"இரு," என்றான். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

அது ஃபெபி.

அவள் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டே இருந்த நாட்களில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊசி போட்டு வடிப்பார்கள். ஒரு நாள் அந்த பாட்டிலைக் கொட்டிவரச் சொல்லி அவனிடம் கொடுத்தார்கள். கொட்டுவதற்குமுன் ஒரு சிறு குழாயில் கொஞ்சம் எடுத்துக்கொண்டான். அவளிடம் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. பையில் வைத்து மெட்ரோவில் கொண்டுவந்தான். அவள் பிப்ரவரி இரண்டாம் தேதி இறந்தாள். குடுவை இறக்கவில்லை.

ஆய்வகத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒவ்வொரு செல்லுக்கும் தனி மீடியம் பாட்டில், பெயர் எழுதி. பதிவேட்டில் இல்லாத ஃபெபிக்கு பாட்டில் கிடையாது. அதனால் அவன் மற்றவர்களின் பாட்டில்களிலிருந்து அவளுக்கு எடுத்தான். ஒவ்வொரு முறையும் உறிஞ்சி எடுக்கப் புதுப் பிப்பெட். அக்டோபரில் ஒரு காலை மட்டும், அவளுக்கு ஊற்றிய அதே பிப்பெட், போதவில்லை என்று மறுபடி பாட்டிலுக்குள் இறங்கிவிட்டது. நுனி ஈரமாக இருந்தது. பார்த்தான். பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் திரும்ப வைத்தான்.

ஒரு செல் கலந்தால் போதும், மற்றவற்றை மூடி வளர்ந்துவிடும். அவனுக்குத் தெரியும்.

பதினொரு மணிக்குப் பிரியதர்ஷினி வந்தாள். கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பெண், மூன்றாம் வருட ஆராய்ச்சி மாணவி. அவனை இந்தியில் அண்ணன் என்று, 'பையா' என்றுதான் கூப்பிடுவாள். மைக்ராஸ்கோப்பில் ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஜெரால்டு பையா, இங்க வாங்களேன். ஜல்தி."

"என்ன?"

"என் லிவர் செல்ஸ பாருங்க. டைல்ஸ் போட்ட மாதிரி அழகா இருக்கும்ல? இப்ப கொத்துக் கொத்தா ஏறி உக்காந்திருக்கு."

அவன் குனிந்து பார்த்தான். திராட்சைக் கொத்துகள்.

"வயசாயிடுச்சு போல," என்றான்.

"யாருக்கு, செல்ஸுக்கா எனக்கா? அம்மா டெய்லி இதையேதான் சொல்றா, பையா. கல்யாணம் பண்ணிக்கோ, வயசாகுது." சிரித்தாள். உடனே சிரிப்பு நின்றது. "நல்ல வேளை, போன வாரமே டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டேன். ஆறு செல்லும், நம்ம ரெண்டு பேர் ஸ்வாப்பும். சண்டே ரிசல்ட். இது மட்டும் சொதப்பிச்சுன்னா என் மூணு வருஷம் போச்சு. சீரியஸா சொல்றேன்."

அந்தப் பரிசோதனை அவனுக்கும் தெரியும். குடுவையில் வளர்வது யாருடைய செல் என்று டிஎன்ஏ சொல்லிவிடும். கையாள்பவரின் செல் தவறிக் கலந்திருக்கிறதா என்று பார்க்க, அவர்கள் கன்னத்தின் உட்புறமும் பஞ்சால் சுரண்டி அனுப்ப வேண்டும். அவனே சுரண்டினான். அவனே குழாயில் போட்டு மூடினான்.

அன்று மதியம் கேன்டீனில் இரண்டு தட்டு ராஜ்மா சாதம் தின்றான். மூன்றாவது தட்டுக்கு நின்றபோது பரிமாறுபவர் அவன் வயிற்றைப் பார்த்தார்.

மாலை சாயர்புரத்திலிருந்து லூசி அத்தை அழைத்தார், ஃபெபியின் அம்மா.

"மாப்ள, சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன் அத்தை."

"வருச ஜெபத்துக்குக் கார்டு அடிக்கணும்லா. அச்சாபீஸ்காரன் போட்டா வாங்கிட்டுப் போயிட்டான். கடைசியா புள்ள என்ன சொல்லுச்சோ அதக் கீழ போடணும்னு சர்ச்சு ஐயர் சொல்றாரு. கல்லுலயும் அதத்தான் வெட்டணும். 'இயேசப்பா, வாறேன்' அப்படித்தான மாப்ள?"

"ஆமா அத்தை."

"நல்ல மரணம். எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கும்? நீங்களும் அவள முழுசா ஊருல கொண்டாந்து சேத்துட்டீங்க. அது போதும் எனக்கு."

பேசி முடித்த பிறகும் போனைக் காதில் வைத்திருந்தான். அவள் இறந்த அன்று மருத்துவமனை வராந்தாவில் போதகர் தோளில் கைவைத்து, கடைசியா என்ன சொன்னாங்க தம்பி என்று கேட்டார். ஒரு விசுவாசியின் வீட்டில் எல்லோரும் எதிர்பார்ப்பது என்னவோ அதைச் சொல்லிவிட்டான். அது ஊர் முழுக்கப் போயிற்று. அவள் சொன்னது அதுவல்ல.

குடல் அடைத்துவிட்டது, வாய்வழியாக எதுவும் கூடாது என்று கட்டிலின் தலைமாட்டில் சிவப்பு எழுத்தில் அட்டை மாட்டியிருந்தார்கள். ஃபெபி நர்ஸ். எத்தனையோ பேர் தலைமாட்டில் அவளே மாட்டிய அட்டைதான். ஆனாலும் பக்கத்துக் கட்டிலில் யாராவது டிபன் பாக்ஸைத் திறந்தால் அவள் கண் அங்கே போய் அங்கேயே நிற்கும். ஒன்பது நாள். அவன் கையில் கஞ்சி பிளாஸ்க் இருந்தது, திறக்காமல்.

வெள்ளிக்கிழமை காலை பிளீச் பாட்டிலை எடுத்துவந்து குடுவையின் மூடியைத் திருகினான். பத்து மில்லி ஊற்றினால் போதும், ஐந்து நிமிடத்தில் செல்கள் செத்துவிடும். பிரியதர்ஷினி சொன்ன மூன்று வருடம் நினைவுக்கு வந்தது. கை உயர்ந்தது. குடுவை மீண்டும் மஞ்சளாக இருந்தது.

பிளீச்சைக் கீழே வைத்துவிட்டு மீடியம் ஊற்றினான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கும் வானம் விடிந்த மாதிரி இல்லை. மின்தடை. ஜெனரேட்டரில் ஆய்வகக் கருவிகள் மட்டும் ஓடின. வராந்தா முழுக்க ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சம் தரையில் தண்ணீர்போலத் தேங்கி நிற்க, எங்கோ ஒரு குழாய் சொட்ட, டீசல் புகைக்கு அடியில் வேறொரு வாசனை, சூடான பாலும் ரத்தமும் கலந்தாற்போல் மீடியத்துக்கே உரிய அந்த வாசனை, இன்று அறைக்கு வெளியேயே அவனுக்கு அடித்தது. நாவில் எச்சில் ஊறியது. நின்றான். விழுங்கினான்.

பிரியதர்ஷினி உள்ளே லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"ஆறும் ஒண்ணு, பையா."

"என்ன ஒண்ணு?"

"ஆறு செல்லும் ஒரே ஆள். லிவர் இல்ல, லங் இல்ல, எதுவுமே இல்ல. ஒரு லேடி. யாருன்னு எந்த லிஸ்ட்லயும் இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "இன்னொண்ணு. உங்க ஸ்வாப்ப மாத்தி வெச்சுட்டீங்களா?"

"இல்ல."

"நல்லா யோசிங்க. என்னோடது கரெக்டா நான்தான்னு வந்திருக்கு. உங்களோடதுல ரெண்டு பேர். கொஞ்சம் ஒரு ஆம்பளை." திரையை அவன் பக்கம் திருப்பினாள். "முக்காவாசி அந்த லேடி."

அவன் திரையைப் பார்த்தான். வரிசையாகச் சிறு கூர்முனைகள். ஏழு வரிசையிலும் அதே இடங்களில் அதே முனைகள், ஏழாவதில் மட்டும் நடுநடுவே குட்டையான வேறு சில.

"அது ஃபெபி," என்றான்.

எல்லாவற்றையும் சொன்னான். குழாய், மெட்ரோ, பெயர் எழுதாத குடுவை, ஒரே ஒரு பாட்டிலுக்குள் இறங்கிய ஈரமான பிப்பெட். நான்கைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு ஃபெபி கொண்டுவரும் கேக்கில் பெரிய துண்டு எப்போதும் இவளுக்குத்தான். முதலில் அவள் முகத்தில் கோபம் இருந்தது. பிறகு அவள் பார்வை அவன் வாய்க்கு வந்தது. அங்கிருந்து வயிற்றுக்கு. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். பையிலிருந்து மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எல்லாத்தையும் ஊத்திருங்க. இப்பவே. நாளைக்கு நம்ம லேப் ஹெட் அனந்தகிருஷ்ணன் சார் வருவார், நானே சொல்லிக்கறேன்." கதவருகில் நின்றாள். "நீங்க டாக்டர் யாரையாவது பாருங்க, பையா. ப்ளீஸ்."

அவள் காலடிச் சத்தம் படியில் வேகமாக இறங்கிப் போயிற்று. ஓடினாள்.

ஊற்றினான். ஒவ்வொரு குடுவையாக. பிளீச் பட்டதும் மஞ்சள் நிறமற்றுப்போனது. கொத்துகள் உதிர்ந்து வெள்ளைத் தூளாக அடியில் படிந்தன. கடைசியாகப் பெயர் எழுதாத குடுவை. இந்த முறை கை நிற்கவில்லை. ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தான். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தான். எதுவும் இல்லை. தொட்டியில் சாய்த்தான். தண்ணீரைத் திறந்துவிட்டான்.

முடிந்தது.

இன்குபேட்டர் காலி. ஆனாலும் நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே வாயு இறங்கும் சத்தம், டிக், என்று கேட்டது. காலித் தட்டுகளுக்கு நடுவே. டிக். அழுகை வரும் என்று காத்திருந்தான்.

பசி வந்தது.

காலையில் ஆறு முட்டை. பையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தான். தின்றான். இன்னொன்று. மண்ணைத் தின்பதுபோல் இருந்தது. இது இல்லை. பெல்ட்டை அவிழ்த்தான். வயிறு முரசு மாதிரி இறுகியிருந்தது. ஒரு பக்கம் கையை வைத்து மறுபக்கம் தட்டினான். அவளுக்கு டாக்டர்கள் தட்டிப் பார்த்ததுபோல. உள்ளே நீர் அலை ஒன்று நகர்ந்து வந்து உள்ளங்கையில் மோதியது.

கையை எடுத்தான்.

மோதல் நிற்கவில்லை.

அந்த வாசனை. ஃபிரிட்ஜிலிருந்து. கதவு மூடித்தான் இருந்தது. திறந்தான். சிவந்த பாட்டில்கள். ஆறு. பெயர் எழுதியவை. கை நீண்டது. மூடி திருகியது. குளிர்ந்த கண்ணாடி உதட்டில்.

குடித்தான்.

உப்பு. லேசான இனிப்பு. பால் வாடை. ஒரு பாட்டில். அடுத்தது. தாடையில் வழிந்தது. சட்டைக்குள் இறங்கியது. வயிற்றுக்குள் மோதல் மெதுவானது. தணிந்தது. தூங்கப்போகும் ஒன்றைப்போல.

மூன்றாவது பாட்டிலைத் திறக்கும்போது போன் அடித்தது. லூசி அத்தை. ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்ள, சர்ச்சு முடிஞ்சி நேரா அச்சாபீஸ்ல வந்து நிக்கேன். இப்ப ஓட்டிருவானாம். ஒரு எழுத்து மாறக்கூடாது. புள்ள கடைசியா சொன்னத அவ சொன்ன மாதிரியே ஒருதரம் சொல்லுங்க."

அவன் பேசாமல் இருக்கத்தான் நினைத்தான். பற்களைக் கடித்தான். வாய் திறந்துகொண்டது. சிவப்பு சொட்டியது. தொண்டையில் எழுந்த முனகல் அவன் குரலில் இல்லை. மறுமுனையில் அத்தை மூச்சை இழுப்பது கேட்டது.

"யாரு?" என்றார் அத்தை. "ஃபெபி?"

"ஏங்க, பசிக்குது. ஒரே ஒரு வாய் குடுங்க."