ஏரிக்கரையின் முதல் வீடு

அழுகை நின்றதும் நப்ரா கேட்ட முதல் கேள்வி, "ஆமா... செத்தது யாருங்க?"

வாசலில் நின்றவன் திகைத்துப் போனான். முகத்தைத் துடைத்து இறங்கிய கைகள் பாதியிலேயே நின்றுவிட்டன.

"யாரா? உங்க அப்பாதாங்க..."

என்ன கூத்து பாருங்கள்! எங்கள் ஊர் ஹல்ஃபாவில் வழக்கம் அப்படி. துக்கம் கேட்க வந்தவர் வாசலில் நின்று இரண்டு கையையும் ஏந்தி, இறந்தவருக்காக ஃபாத்திஹா ஓத ஆரம்பித்துவிட்டால், வீட்டில் இருப்பவர்களும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஏந்தியாக வேண்டும். நடுவில் மூச்சு விடக்கூடாது. யார், என்ன, எப்போது என்பதெல்லாம் பிறகுதான். வெளியூரில் சொந்தக்காரர் யாரோ போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்து நப்ராவும் கை ஏந்தினாள். வந்தவனுக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்து இவளுக்கும் பொலபொலவென்று கொட்டியது. ஆக, இரண்டு பேரும் சேர்ந்து மனசார அழுது ஓதி முடித்தது... உள்ளே உட்கார்ந்து பொரித்த மீனை முள் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா தஹப்புக்காக!

"யாரும்மா அது?" என்று பல்லில் சிக்கிய முள்ளை எடுத்தபடி தஹப்பே வெளியே வந்தார்.

"இவர்... இவர் யாரு?"

"செத்துப் போன எங்கப்பா," என்றாள் நப்ரா.

வந்தவன் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தான். அப்போதுதான் அவன் கண்களைச் சரியாகக் கவனித்தாள் அவள். அழுது சிவந்த பெரிய கண்கள்... அவமானத்துக்கு நடுவிலும் ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கிற கண்கள்... 'இவ்வளவு அழகான கண்ணை வெச்சிக்கிட்டு ஒரு வீடு பார்க்கத் தெரியலையே இந்த ஆளுக்கு!'

"ஏரிக்கரையில முதல் வீடு... ஸுபைர் மாமா வீடுன்னு எங்கம்மா சொல்லி அனுப்பினாங்க," என்றான் அவன். குரல் கம்மிப் போயிருந்தது.

நப்ராவின் அம்மா ஸித்தானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அட தம்பி, அது பழைய முதல் வீடுப்பா! போன வெள்ளத்துல ஏரி ஏறி வந்து அதை முழுங்கிடுச்சு. மண்சுவர்தானே, கரைஞ்சே போச்சு. ஸுபைர் அண்ணன் குடும்பம் குன்றுக்கு அந்தாண்ட போயிட்டாங்க. பாவம், அங்கேதான் கண்ணை மூடினார். இப்ப நாங்கதான் முதல் வீடு. அடுத்த வருஷம் யாரோ!"

"நீ எந்த ஊரு?" என்றார் தஹப்.

"புது ஹல்ஃபாங்க. பேரு ஃபிக்ரி."

அவ்வளவுதான். சிரிப்பு நின்றுபோனது.

அணை கட்டி எங்கள் ஆற்றை ஏரியாக்கியபோது அரசாங்கம் ரயில் விட்டது. பாதி ஊர் அழுதுகொண்டே ஏறி, தூரத்தில் பருத்தி வயல்களுக்கு நடுவே கட்டிக் கொடுத்த புது ஊருக்குப் போனது. மீதிப் பேர், போகமாட்டோம் போ என்று சொல்லி, தண்ணீர் ஏற ஏறக் கூடாரத்தைப் பின்னால் நகர்த்திக்கொண்டே இங்கேயே கிடந்தார்கள். அந்தக் கூடாரக் கம்பைச் சுமந்த சின்னப் பையன்களில் தஹப்பும் ஒருவர். ரயிலேறியவர்கள் என்றாலே அவருக்கு இன்றைக்கும் மூக்கு விடைக்கும்.

"ஓஹோ... ரயிலேறினவன் பேரனா? போகும்போது ஊரை அம்போன்னு விட்டுட்டுப் போனீங்க. வரும்போது உசிரோட இருக்கிறவனைப் புதைக்க வர்றீங்களோ?"

"மன்னிச்சுக்கங்க மாமா... நான் கிளம்பறேன்."

"மாமாவாம்! டேய், நில்லு. எங்கே போறே? உட்கார். மீன் ஆறிடப்போகுது."

எவ்வளவு கோபம் வந்தாலும், வாசலுக்கு வந்தவன் சாப்பிடாமல் போனால் தஹப்புக்கு ராத்திரி தூக்கம் வராது. சாப்பாடு முடியும் வரைக்கும் அவனுடைய பாட்டன் பூட்டனையெல்லாம் திட்டிக்கொண்டே இருந்தார். திட்டத் திட்ட, பெரிய மீன் துண்டாகப் பார்த்து அவன் பக்கம் தள்ளிக்கொண்டும் இருந்தார்.

தண்ணீர் கொண்டுவந்த நப்ரா குனிந்து மெதுவாகச் சொன்னாள். "நல்லாச் சாப்பிடுங்க. எழவு வீட்டுச் சாப்பாடு... வேணாம்னு சொல்லக்கூடாது."

ஃபிக்ரிக்குப் புரையேறியது.

*

காதல் கதையென்றால் மழை வேண்டும் என்பார்கள். மழைக்கு நாங்கள் எங்கே போவது? எங்கள் ஊரில் மழையைக் கண்ணால் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஏரி இருக்கிறது, ஐயா! சுற்றிலும் புல் பூண்டு முளைக்காத மணல், கறுத்த குன்றுகள்... நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீலம். சாயங்காலம் வெயில் சாயும்போது குன்றெல்லாம் செம்பு நிறமாகி, அந்த நிறம் தண்ணீரில் இறங்கி, கரை வரைக்கும் வந்து காலைத் தொடும். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கே இன்னும் அலுக்கவில்லை. முதல் தடவை பார்க்கிறவனைக் கேட்கவா வேண்டும்?

ஸுபைர் வீட்டில் முறைப்படி துக்கம் கேட்டுவிட்டு, வாரம் ஒன்றாக வரும் பஸ் அடுத்து வரும்வரை அங்கேயே தங்கியிருந்த ஃபிக்ரி, மறுநாள் கரையில் வாய் பிளந்து நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் பின்வாங்கிய ஈர மண்ணில் அவரை விதை போட்டுக்கொண்டிருந்தாள் நப்ரா. வெள்ளம் வடிந்ததும் ஏரி விட்டுப்போகிற சேறு எங்களுக்கு வயல்.

"வாயை மூடுங்க. ஈ போயிடப் போகுது."

அவன் திரும்பினான். "இவ்வளவு தண்ணியா! எங்க ஊர்ல வாய்க்கால்தாங்க. எங்கம்மா தாலாட்டு பாடும்போது மட்டும் பெரிய ஆறு ஓடும். சும்மா அளக்கிறாங்கன்னு நினைச்சிருந்தேன்..."

"இப்ப?"

"அம்மா குறைச்சுத்தான் சொல்லியிருக்காங்க."

நப்ராவுக்கு என்னவோ போலிருந்தது. தன்னை யாரோ அழகு என்று சொன்ன மாதிரி காது சூடாகியது.

"எங்க தாத்தா வீடு மேலத் தெருவுலயாம். அது எங்கே இருந்திருக்கும்?" என்று கேட்டான்.

"மேலத் தெருன்னா... அதோ, அந்தப் படகுக்கு நேர் கீழே. பக்கத்துல பேரீச்சந்தோப்பு. வலை வீசினா இன்னும் மரத்து உச்சியில மாட்டுதுன்னு மீன்காரங்க சொல்லுவாங்க."

அவன் ரொம்ப நேரம் அந்தப் படகையே பார்த்தான். பிறகு குனிந்து, இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளிக் குடித்தான். நெஞ்சில் கொஞ்சம் தடவிக்கொண்டான். 'ரயிலேறினவங்க எல்லாத்தையும் மறந்துட்டாங்கன்னு அப்பா சொல்லுவாரே... மறந்தவங்க இப்படியா குடிப்பாங்க?'

அவள் கண் பனித்ததை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று சட்டென்று அதட்டினாள். "நின்னுக்கிட்டே இருக்கிற ஆளுக்கு இங்கே இடமில்ல. இந்தாங்க, விதை."

விதையை வாங்க எட்டு வைத்தவன் சேற்றில் முழங்கால் வரை இறங்கிவிட்டான். பருத்திக்காட்டு விவசாயிக்கு ஏரிச் சேற்றின் குணம் எங்கே தெரியும்? நப்ரா சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழுந்து பறந்தன. கை கொடுத்து இழுத்தாள். அவன் வெளியே வந்தான்... கை மட்டும் வரவில்லை.

"கையை விடுங்க."

"விட்டா புதைஞ்சிடுவேனே."

"இங்கே சேறு முழங்கால் அளவுதான்."

"தெரியும்..." என்றான். விடவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. அவனுடைய கண்களுக்குள் மொத்த ஏரியும் இருந்தது. அதற்கு நடுவே அவள் இருந்தாள்...

அதற்கப்புறம் அவரை விதைக்கிற வேலை ஏனோ தினமும் நீண்டுகொண்டே போனது.

*

சின்ன ஊர். செய்தி தஹப் காதுக்குப் போகாமல் இருக்குமா? பஸ் கிளம்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் விடைபெற வந்தவனை முற்றத்திலேயே நிறுத்தினார்.

"கேள்விப்பட்டேன். நல்லாக் கேட்டுக்க. ரயிலேறின வீட்டுக்கு என் பொண்ணு வாழ வரமாட்டா. அப்படி ஏதாவது நினைப்பிருந்தா ஏரியிலேயே போட்டுட்டுப் போ."

"நான் இன்னும் வாயே திறக்கலையே மாமா."

"திறக்க வேணாம்னுதான் சொல்றேன். கஷ்டம் வந்தா விட்டுட்டு ஓடற ரத்தம் உங்களுது."

ஃபிக்ரியின் முகம் இறுகியது. "எங்க தாத்தா பிள்ளைங்க வயித்துக்காகப் போனார். சாகிற வரைக்கும் இந்த ஊர் இருக்கிற வடக்குத் திசையைப் பார்த்துத்தான் படுத்தார். அவரைத் திருடன் மாதிரிப் பேசாதீங்க. நாளைக்குப் பஸ் இருக்கு. போறேன்."

சொல்லிவிட்டு, கதவோரம் நின்ற நப்ராவைப் பார்த்தான். ஒரு வார்த்தை... 'இருங்க' என்று ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் போதும். சொல்வாளா? அவள் யார் பெண்?

"போங்க. ஜன்னல் சீட்டாப் பார்த்து உட்காருங்க," என்றாள். விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். 'ஏன் அப்படிச் சொன்னேன்? கூட வான்னு அவர் கூப்பிட்டா போவேனா? இந்த ஏரியை விட்டுட்டா...? போவேன்னுதான் தோணுது, ஐயோ!'

விடிந்தது. அவள் வார்த்த மெல்லிய ரொட்டி ஒவ்வொன்றும் கல்லிலேயே கருகியது. ஸித்தானா பார்த்தாள், கருகியதை ஒதுக்கி வைத்தாள். கடைசியில் நப்ரா மாவுக் கையோடு அப்பா முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு ரயிலேறிப் பாதி ஊர் போச்சு. தண்ணி வந்து காலை நனைச்சுது, தேள் கடிச்சுது, சோறு இல்ல... நீங்க ஏன் போகல?"

"எப்படிம்மா போறது? மனசு விடலையே."

"எனக்கும் விடல."

தஹப் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்குப்பா. அவர் வான்னு ஒரு வார்த்தை சொன்னா உங்களை விட்டு, அம்மாவை விட்டு, இந்த ஏரியை விட்டுப் போயிடுவேன். நெஞ்சு வெடிச்சிடும். ஆனா போவேன். நான் உங்க பொண்ணுப்பா... பிடிச்சதை எனக்கு விடத் தெரியல."

தஹப் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை அம்மாவும் பெண்ணும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

"ஏங்க," என்றாள் ஸித்தானா மெதுவாக. "நம்ம வழக்கத்துல கல்யாணம் ஆனா மாப்பிள்ளைதானே பொண்ணு வீட்டுக்கு வந்து தங்குவான்? அந்தப் பிள்ளையைக் கேட்டுப் பார்த்தாத்தானே தெரியும்."

"கேக்க வேணாம்னு நான் என்ன கையைப் பிடிச்சேனா?" என்று வெடித்தார் தஹப். பிறகு கரகரத்த குரலில் கேட்டார். "பஸ் எப்போ கிளம்புது?"

நப்ரா பதில் சொல்ல நிற்கவில்லை. மாவுக் கையோடு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கூரையெல்லாம் மூட்டை கட்டிய பஸ் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள். எந்த ஜன்னலிலும் அந்தக் கண்கள் இல்லை.

"யாரு, அந்தப் புது ஹல்ஃபாக்காரரா?" என்று கத்தினார் கண்டக்டர். "அதை ஏம்மா கேக்கிறே! ஏறினார், இறங்கினார். மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். எல்லாரும் திட்டினப்புறம் பையைத் தூக்கிக்கிட்டு ஏரிப் பக்கம் போயிட்டார்!"

அவரைப் பாத்தியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான் ஃபிக்ரி. தோளில் பை. கணுக்காலைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் போனது. அவள் மூச்சிரைக்க வந்து நின்றாள். தூரத்தில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே பாலைவனத்துக்குள் போனது.

"பஸ் போயிடுச்சு..."

"போகட்டும்."

"ஏன் ஏறல?"

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"படியில கால் வெச்சேன். எங்க தாத்தாவும் இப்படித்தானே கால் வெச்சிருப்பார்னு தோணுச்சு. அவருக்கு வேற வழி இல்ல, நப்ரா. எனக்கு இருக்கு... எங்க தாத்தா ஏறின ரயில்லேர்ந்து நான் இறங்கிட்டேன். உங்க அப்பா அடிச்சாலும் சரி, உதைச்சாலும் சரி. அம்மாவைக் கூட்டிட்டு வந்து உன்னைப் பொண்ணு கேப்பேன். உன்னை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு."

அதற்காக அவள் விடுவாளா?

"இங்கே இருக்கிறது லேசுன்னு நினைச்சீங்களா? வெள்ளக் காலத்துல தண்ணி ஏறும். எங்க வீடும் போயிடும்."

"போனா, கூடாரக் கம்பை ஒரு பக்கம் உங்கப்பா பிடிக்கட்டும், ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன். மறுபடி மேல கட்டுவோம்."

"அது போனா?"

"அதுக்கும் மேல."

நப்ரா அவனுடைய பையைத் தோளிலிருந்து இறக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"அப்பாகிட்ட இன்னிக்குக் காலையிலயே சொல்லிட்டேன்... உங்ககிட்ட இப்பத்தான் சொல்றேன்," என்றாள். "இந்த ஏரியை விட எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு."

ஹல்ஃபாவில் பிறந்த பெண் ஒருத்தி வாயிலிருந்து இதைவிடப் பெரிய வார்த்தை வராது. அது அவனுக்கும் தெரிந்திருந்தது.