ஜாமீன் நின்றவர் வீட்டுக்கு வரவில்லை

காலையில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு வந்த ஹனான், நடையில் நின்ற பெட்டியில் முழங்காலை இடித்துக்கொண்டாள்.

“இந்தப் பெட்டி இன்னும் எத்தனை நாளைக்கு வழியை மறிச்சுக்கிட்டு நிக்கப் போகுது? விமானத்தைக் கண்டு பயப்படுறவங்க பெட்டி கட்டாமலே இருந்திருக்கலாம்...” என்றாள், அடுப்படியில் இருந்த ஓரகத்திக்குக் கேட்கும்படியாக.

நவ்ஃபா ரொட்டித் தகட்டின் மேல் மாவை வீசிப் பரப்பினாள். மேசையருகே உட்கார்ந்திருந்த அவள் கணவன் ஹாயில் தேநீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். கரக்கிலிருந்து தலைநகர் அம்மானுக்கு வேன் ஓட்டுகிறவன் அவன். அவன்தான் போன மாதம் அவளை விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டு வந்தான். அன்று சாயங்காலமே அவள் வேறொருவர் வேனில் பெட்டியோடு திரும்பி வந்து நின்றபோது, ஊரே அவனைத்தான் விசாரித்தது. பயமாக இருந்தது, ஏறவில்லை என்று மட்டும் சொன்னாள்.

குவைத்தில் இருந்த மகள் அரீஜுக்கு அது தலைப்பிரசவம். குழந்தையை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பக்கத்தில் தாய் இல்லை. மூன்றாம் நாள் அரீஜ் போனில் அழுதது நவ்ஃபாவின் காதிலேயே தங்கிவிட்டது.

“எல்லார் அம்மாவும் வந்திருந்தாங்கம்மா. பக்கத்துக் கட்டில்காரிக்கு மொராக்கோவிலிருந்து வந்தாங்க. எங்க மாமியார் கேக்குறாங்க, உங்க அம்மாவுக்கு உன்மேல என்ன கோபம்னு... நான் என்னம்மா சொல்ல?”

அதற்குப் பிறகு அரீஜ் போனை எடுக்கவே இல்லை.

உண்மை வேறு. விமானத்துக்கும் நவ்ஃபாவுக்கும் ஒரு பகையும் கிடையாது. கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி அவளை ஓரமாக உட்காரவைத்து, கடன் விஷயமாக நீதிமன்றத்தில் அவள் பேருக்குப் பயணத் தடை இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். எந்தக் கடன் என்று கேட்டதற்கு, தொழில் கடன் என்று அவர் சொன்னபோதுதான் அவளுக்குக் கொழுந்தன் தலாலின், ஹனானின் கணவனின், நினைப்பு வந்தது.

நவ்ஃபா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது தலாலுக்கு ஆறு வயது. அடுத்த வருஷமே மாமியார் இறந்துபோனார். அன்றிலிருந்து அவன் அண்ணியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினான். தயிரைக் கடைந்து, உப்புப் போட்டு உருட்டி, வெயிலில் கல்லாகக் காயவைக்கும் ஜமீது உருண்டைக்கு எங்கள் ஊர் பேர்போனது. அதில் நவ்ஃபாவின் கைக்குத் தனிக் கிராக்கி. அதை வைத்தே பால் தொழில் ஒன்று தொடங்கலாம் என்று தலால் நாலு வருஷத்துக்கு முன் வந்து நின்றான். சின்னத் தொழிலுக்கு வங்கி கொடுக்கும் கடனுக்கு அரசாங்கமே ஜாமீன் நிற்கிறதாம். பெண்கள் பேரில் வாங்கினால் ஜாமீனும் அதிகமாம், நிலத்தை அடகு கேட்கமாட்டார்களாம்.

“நாம கட்ட முடியலேன்னா அரசாங்கம் கட்டிரும் அண்ணி. அதுக்குத்தானே தனியா நிதி வச்சிருக்காங்க? உங்க பேரு மட்டும் போதும், மத்ததை நான் பாத்துக்குறேன்.”

அவள் கையெழுத்துப் போட்டாள். மகன் கேட்டால் போடுவாளே, அப்படித்தான் போட்டாள். குளிர்பதன அறை வந்தது, குளிர்வண்டி வந்தது, சுவரில் அவள் பேர் எழுதிய பலகையும் வந்தது. கணக்கும் போனும் தலாலிடம் இருந்தன. பிறகு மழை பொய்த்தது, தீவனம் விலை ஏறியது, ஆட்டுப் பால் அரிதாகிவிட்டது. தலால் தவணை கட்டுவதை நிறுத்தினான்.

மாமனார் முஃப்லிஹ் ஒருமுறை கேட்டார். அரசாங்கம் கட்டிவிட்டது, முடிந்துபோனது என்றான் தலால். பெரியவர் நம்பினார். அதற்குக் காரணம் உண்டு. அவர் தன் காலத்தில் எத்தனையோ பேருக்கு ஜாமீன் நின்றவர். எங்கள் பக்கத்தில் ஜாமீன் நிற்பதென்றால் தன் முகத்தையே ஈடு வைப்பது; சொல் தவறினால் அந்த முகம் கறுத்துப்போகும் என்பார்கள். சொன்னவன் சொல்லைக் காப்பாற்றாவிட்டால், ஜாமீன் நின்றவர் நாலு பேரோடு அவன் வீட்டுக்கு வருவார், உட்காருவார். கொடுத்த காபியைக் குடிக்காமல் கீழே வைப்பார். கேட்டதற்குப் பதில் கிடைத்தால்தான் குவளையை எடுப்பார். அரசாங்கம் ஜாமீன் நின்றதே, யாரும் வந்து உட்காரவில்லையே, அப்படியானால் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம் என்று பெரியவர் முடிவு கட்டினார். நல்ல மனுஷர், ஆனால் காலம் தெரியாத மனுஷர்.

விமான நிலையத்திலிருந்து திரும்பிய மறுநாளே நவ்ஃபா தலாலைத் தனியாகக் கேட்டாள். அவன் அவள் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டான்.

“அப்பா காதுக்கு மட்டும் போகவேண்டாம் அண்ணி. அண்ணன் என்னைக் கொன்னே போட்டுருவாரு. கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க... நான் சரி பண்ணிடுறேன்.”

பொறுத்துக்கொண்டாள். கோழை என்றார்கள், பெற்ற மனம் கல்லு என்றார்கள். அதையும் பொறுத்துக்கொண்டாள். தலால் எதையும் சரிபண்ணவில்லை. பாவம், அவனால் முடியவும் இல்லை. வண்டி டயர் மாற்றக்கூட அவன் கடன் வாங்கிக்கொண்டிருந்தான்.

அந்தக் காலையில் ஹனானின் பேச்சைக் கேட்டபடி உள்ளே வந்த முஃப்லிஹ், பெட்டியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

“ஆகாசத்துலதானே உனக்குப் பயம்? தரையில பயமில்லையே. பஸ்ஸுல போவோம். நானே கூட வர்றேன். நாப்பது நாள் முடியறதுக்குள்ள உன் பேரன் முகத்தைப் பாத்துடணும். மகளுக்கு வர்றேன்னு வாக்குக் குடுத்தவ நீ. இந்த வீட்டுல யாரும் வாக்கை விட்டதில்லை, ஞாபகம் வச்சுக்க.”

நவ்ஃபாவின் கையில் ரொட்டி கருகியது. தான் சொன்ன பொய்யே கதவைச் சாத்திவிட்டது. இனி என்ன சொல்லித் தப்பிப்பது? பஸ்ஸுக்கும் பயம் என்றா? வாசலில் நின்ற தலாலைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

பெரியவர் அன்றே சீட்டு வாங்கினார். இரண்டு கடவுச்சீட்டையும் தன் அங்கிப் பையில் வைத்துக்கொண்டார். வழியில் அஸ்ரக்கில் பஸ்ஸைத் தேநீருக்கு நிறுத்தியபோது நவ்ஃபா சொல்லிவிட வாயைத் திறந்தாள். அவர் அதற்குள், பயப்படாதே மகளே, நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவள் கையில் வைத்தார். அவள் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அதைக் கையில் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினாள்.

உமரி எல்லைச் சாவடியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் அதிகாரி இருந்தார். பெரியவருக்கு முத்திரை குத்தினார். நவ்ஃபாவின் கடவுச்சீட்டை எடுத்தவர் திரையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஹாஜி, நீங்க போகலாம். இவங்களுக்குத் தடை இருக்கு.”

“என்ன தடை? வேற யாரோட பேரா இருக்கும், நல்லாப் பாருங்க தம்பி.”

“இவங்க பேருதான். தொழில் கடன். போன மாசம் ஏர்போர்ட்லயும் திருப்பி அனுப்பியிருக்காங்களே... அம்மாவுக்குத் தெரியுமே.”

பெரியவர் திரும்பி மருமகளைப் பார்த்தார். அவள் முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கடனுக்கு அரசாங்கம் ஜாமீன் நின்னுச்சே தம்பி? அது கட்டலையா?”

“கட்டியிருக்கும் ஹாஜி. அது பேங்குக்குக் கட்டுறது. பேங்குக்கு நஷ்டம் வரக்கூடாதுல்ல? கடன் வாங்கினவங்களுக்குக் கடன் அப்படியேதான் இருக்கும். அவங்ககிட்டதான் வசூல் பண்ணுவாங்க.”

“ஆனா யாரும் எங்க வீட்டுக்கு வரலையே. யாரும் வந்து உக்காரலையே...”

“இப்பல்லாம் யாரும் வர்றதில்லை ஹாஜி. போனுக்குத்தான் செய்தி வரும்.”

எந்தப் போனுக்கு என்று பெரியவர் கேட்கவில்லை. தொழிலின் போன் யார் பையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பஸ் அவர்களை விட்டுவிட்டு எல்லையைத் தாண்டிப் போனது. பெட்டியைப் பெரியவரே தூக்கிக்கொண்டார். நவ்ஃபா வாங்கப் பார்த்தும் தரவில்லை.

வீட்டில் எல்லாரையும் கூடத்துக்கு அழைத்தார். தலாலிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். செய்தி வந்ததா?

“வந்துச்சுப்பா...” என்றான் தலால். “முதல்ல நிஜமாவே அவங்களே கட்டிடுவாங்கன்னுதான் நினைச்சேன். அப்புறம் வந்த செய்தியெல்லாம் பயந்துகிட்டுப் படிக்கவே இல்லை. அரசாங்கம்தானே, கறுத்துப்போக அதுக்கு என்ன முகமா இருக்குன்னு...”

“அதுக்கு முகம் இல்லைதான். அதனாலதான்டா உங்க அண்ணி முகத்துல கரி பூசிட்டுப் போயிருக்கு. நாம எல்லாருமா சேந்து பூசினோம்.”

ஹாயில் எழுந்து தம்பியின் சட்டையைப் பிடித்தான். நவ்ஃபா நடுவில் போய் நின்றாள். அடி அவள் தோளில் விழுந்திருக்கும், ஹாயில் கையை இழுத்துக்கொண்டான். என்னிடம்கூட ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்டது அடியைவிட வலித்தது. ஹனான் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள், அக்கா, அக்கா என்று.

பெரியவர் காபி கேட்டார். நவ்ஃபா ஊற்றிக் கொடுத்தாள். அவர் அந்தக் குவளையை வாங்கி, உதட்டில் வைக்காமல், அவள் காலடியில் தரைமேல் வைத்தார்.

அப்படிக் குவளையை ஆண்கள் ஆண்கள் முன்னால்தான் வைப்பார்கள். மருமகள் முன்னால் யாரும் வைத்து அவர்கள் பார்த்ததில்லை.

“ஆறிடும் மாமா, குடிங்க,” என்றாள் நவ்ஃபா.

“நீ மன்னிச்சேன்னு சொல்லு. அப்புறம் குடிக்கிறேன்.”

விமான நிலையத்தில் அழாதவள், மகள் போனில் குறைப்பட்டபோது அழாதவள், அப்போது தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வேறு என்ன செய்வாள்? மன்னிக்காமல் எங்கே போவாள்? அழுது ஓய்ந்தபிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அரீஜுக்கு நீங்க சொல்லுங்க மாமா. நான் சொன்னா நம்பமாட்டா. அவ அம்மா வரமாட்டேன்னு சொல்லலைன்னு மட்டும் சொல்லுங்க...”

அவர் குவளையை எடுத்துக் குடித்தார். பிறகு போனை எடுத்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுநாள் பெரியவர் நல்ல அங்கியைப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனார். ஜாமீன் நின்ற ஆளைப் பார்க்கவேண்டும் என்றார். யாரைக் கேட்கிறார் என்று கவுன்டர் பெண்ணுக்குப் புரியவில்லை, ஒரு வரிசை எண்ணைக் கிழித்துக் கொடுத்தாள். மதியம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு அதைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு வந்தார். குளிர்வண்டியை விற்றார்கள், அது வட்டிக்கே சரியாகப் போனது. தலால் அண்ணனின் வேனில் டிக்கெட் கொடுக்கப் போனான். மிச்சத்துக்கு மாதாமாதம் கட்டுகிறார்கள். தடை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கோடையில் அரீஜ் கைக்குழந்தையோடு வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நடுவில் அகப்பட்ட குழந்தை வீறிட்டது.

திரும்பிப் போகிற நாளில், அந்தப் பெட்டியில் ஜமீது உருண்டைகளை அடுக்கி மகளிடம் கொடுத்தாள் நவ்ஃபா. பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அரீஜ் கேட்டாள்.

“அடுத்த தடவை நீங்கதான் வரணும். வர்றேன்னு சொல்லுங்கம்மா.”

நவ்ஃபா பேரனின் உள்ளங்காலில் முத்தம் கொடுத்தாள். பெரியவரும் ஹாயிலும் தலாலும் பின்னால் நின்றிருந்தார்கள்.

“வாக்குக் கேக்காதடி கண்ணு. விட்டா வர்றேன்.”

பஸ் புறப்பட்டது. தலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அதை உதறவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.