மூச்சு விடும் பெட்டி

வாடிக்கையாளர் வீட்டு மணியை அடிக்கும்போதே முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொள்வது டிஸ்க் டாக்டரின் வழக்கம். பழைய கணினிகளை வாங்கி, தூசி தட்டி, கல்யாணப் பெண் மாதிரி சிங்காரித்து விற்பவனுக்குக் கடைத்தெரு வைத்த பெயர் அது. மதியம் இரண்டரை மணி. கதவைத் திறந்த அம்மாவுக்குப் பார்வை மங்கல். சிரிப்பு வீணாய்ப் போனது.

"தம்பி, அந்தப் பெட்டி மூச்சு விடுது."

ஆறு மாதத்துக்கு முன் கோப்புகளைச் சேமித்து வைக்கும் அந்த நாஸ் பெட்டியை அவர் தலையில் கட்டியபோது அவன் அளந்ததே இதற்கு நேர்மாறாகத்தான். உள்ளே எஸ்எஸ்டிம்மா, சுழலுகிற தட்டு இல்லை, விசிறி இல்லை, பச்சைக் குழந்தை தூங்குகிற அறையிலும் வைக்கலாம் என்றான். ஒரே விஷயம் இரண்டு டிரைவிலும் பதிவாகும், ஆகவே காப்பு உறுதி என்றும் சொன்னான். ஒன்றில் அழிந்தால் இரண்டிலும் அழியும் என்பதை மட்டும் வாயில் போட்டு மென்றுவிட்டான். வாடிக்கையாளர் அடிக்கடி கூப்பிட்டுத் தொல்லை செய்யாமலிருக்க, இடம் நிரம்பினால் பழையதைத் தானே அழித்துக்கொள்ளும்படி அமைத்தும் வைத்தான். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

இந்த வீட்டில் பழையது என்றால் ஒரு மனிதரின் குரல். மனைவிக்கு எழுத்து எட்டாமல் போனதும், அவர் கணவர் எழுபத்திரண்டு கதைகளை வாசித்துப் பதிந்து வைத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தார். வேறெங்கும் அந்தக் குரல் இல்லை. ஒரு மாதமாக, தினம் நாலு மணிக்கு ஒரு கதை காணாமல் போகிறதாம். நாற்பத்தொன்று மிச்சம்.

டாக்டரின் சந்தேகம் நேராக மாடிக்குப் போனது. அங்கே குடியிருந்த அம்மாவின் கொழுந்தன் கூப்பிடாமலே இறங்கி வந்து, உட்காராமல் வாசற்படியிலேயே நின்றான்.

"மொத்தமா அழிச்சிட்டா சரியாயிடுமா சார்?"

கேட்ட தினுசே சரியில்லை. ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க, டாக்டர் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினான். இனி மாடியிலிருந்து எவன் பெட்டியில் என்ன எழுத முடியும்? மடிக்கணினியை நேராகப் பெட்டியில் செருகிப் பார்த்தான். பெயரில்லாத ஒரு கோப்புறை. அதற்குள் முப்பத்தொரு ஒலிப்பதிவுகள். ஒவ்வொன்றும் மதியம் மூன்று மணிக்குத் தொடங்கி நாலு மணிக்கு முடிந்திருந்தது. இடத்தை அடைத்தவை அவைதான்.

பெட்டியில் மைக் கிடையாது.

மணி மூன்று அடித்தது. பெட்டியின் பச்சை விளக்கு துடிக்கத் தொடங்கியது. எழுதுகிறது.

கொழுந்தன் அசையவில்லை. அவன் கையில் போன்கூட இல்லை.

டாக்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நேற்றையதைத் திறந்தான். இதே அறை. அம்மா நாற்காலியை இழுக்கும் சத்தம். கணவர் கதை வாசிக்கும் குரல், தூரத்தில். பக்கத்தில், மிகப் பக்கத்தில், யாரோ ஈரமாக மூச்சிழுத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொழுந்தன் குனிந்து, அண்ணிக்குக் கேட்காத குரலில் சொன்னான்: "எங்கண்ணன் மூச்சு இப்படி இருக்காது சார். நானும் கேட்டேன், முதல்ல அண்ணன்தான்னு நெனச்சேன்."

டாக்டர் அந்தக் கோப்புறையை அழித்தான். திரும்ப வந்தது. இன்னொரு முறை. வந்தது. இருக்கிற அரை மணியில் வேறு வழி தோன்றாமல், பெட்டியை அணைத்து ஒரு டிரைவை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கடையில் புது டிரைவில் ஏற்றி நாளைக்கே தருவதாகச் சொன்னான்.

அம்மா தடவி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "குரல் போயிடாதே தம்பி?"

"போகாதும்மா. வாக்கு."

வியாபாரத்தில் அவன் யாருக்கும் தராத சரக்கு அது.

கடை வரை நடையாகவே வந்தான். நாலேகாலுக்குத் தன் கணினியில் டிரைவைச் செருகினான். கதைகள் நாற்பது. எண்ணிப் பார்த்தான், நாற்பதுதான்.

பெயரில்லாத கோப்புறையில் முப்பத்திரண்டு.

மின்சாரமே இல்லாமல் சட்டைப் பையில் கிடந்த பொருள். புதியதைத் திறந்தான். வண்டிச் சத்தம். தெரு. அவனுடைய செருப்பு. அதை ஒட்டி, அடிக்கு அடி, வெறுங்கால் ஒன்று.

போன் அடித்தது. கொழுந்தன். பெட்டியை மறுபடி போட்டால் மூச்சுச் சத்தம் நின்றுவிட்டதாம், மிச்சமிருந்த டிரைவில் கதை ஒன்றுகூட இல்லையாம், அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லையாம்.

"அவங்களுக்கு உங்ககிட்ட இருக்கறதுதான் சார். குரலை மட்டும் கொடுத்தனுப்புங்க. கூட எதுவும் வேண்டாம்."

டாக்டர் அலமாரியிலிருந்து உறை பிரிக்காத டிரைவ்களில் மூன்றை எடுத்து மேசையில் வைத்தான். முதலாவதன் முத்திரையைக் கிழித்துச் செருகினான். இடமில்லை என்றது கணினி. உள்ளே ஒரே ஒரு ஒலிப்பதிவு. அதன் நீளம் நொடிக்கு நொடி ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டாவது. அதுவும் அப்படியே.

பழைய டிரைவில் கதைகள் முப்பத்தொன்பது.

மூன்றாவதை உறையோடு கையில் எடுத்தான். எழுதிக்கொண்டிருக்கும் டிரைவ் மாதிரி, அது வெதுவெதுப்பாக இருந்தது.