கழுத்துப் படம்

வார்னிஷ் காய்ந்து மூன்று நாளாகிவிட்டது. அப்படியிருந்தும் படத்தில் இருந்த கழுத்துக் கட்டி ஒருமுறை மேலே ஏறி இறங்கியதைத் தசரதன் பார்த்தான். "சே, கண்ணு பூத்துப்போச்சு" என்று தன்னையே திட்டிக்கொண்டு சாயம் அழிக்கிற டர்பன்டைன் துணியில் கையைத் துடைத்தான்.

திருமழிசையில் அவன் சாமி படம் எழுதுகிறவன். பெருமாள், தாயார், முருகன், இவர்களைத் தவிர வேறு யாரையும் எழுதியதில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் தேடி வந்து, வெள்ளைக்கார துரைமாரிடம் வைத்தியம் படிக்கிற பையன்களுக்காகத் தோல் உரித்த கழுத்து ஒன்றைத் துணியில் பெரிதாக எழுதித் தரச் சொன்னார். தந்தால் அவன் பெண்டாட்டி நாகவல்லியின் கழுத்துக் கட்டியைத் தானே அறுத்து எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார். எலுமிச்சம்பழம் அளவு கட்டி. ரெண்டு வருஷமாக அவள் சோறு முழுங்கத் திணறுவதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன மனுஷன், அவள் பிழைத்தால் போதும் என்று ஒப்புக்கொண்டான்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். குரல்வளை மேட்டுக்குக் கீழே, மூச்சுக்குழலை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு, பட்டாம்பூச்சி உட்கார்ந்த மாதிரி தைராய்டு. இரண்டு இறக்கையையும் சேர்க்க நடுவில் ஒரு சின்னப் பாலம். ஓரங்களில் தலைக்கு ரத்தம் ஏற்றுகிற தடித்த குழாய்கள். பின்னால் நூல் மாதிரி ஒரு நரம்பு. "அது போனா பேச்சு போச்சு, அதைத் தெளிவா எழுதுப்பா" என்றார். முழுங்கும்போது மேலே ஏறினால் அது தைராய்டுக் கட்டி என்றும் சொன்னார்.

"முகம் வேணாம், தாடையோட நிறுத்து" என்றும் சொல்லியிருந்தார். அங்கேதான் இவன் தப்புப் பண்ணினான். தலையில்லாத உடம்பை எழுதி வீட்டில் வைத்தால் பீடை என்று அவன் வம்சத்தில் ஒரு பயம். நாகவல்லியை எதிரே உட்காரவைத்து கழுத்தை அவள் கட்டியோடும், மேலே அவள் முகத்தையே வைத்தும் எழுதினான். அதோடு விட்டானா? வெள்ளிக்கிழமை காலையில் கற்பூரம் ஏற்றி, கண்ணாடி காட்டி, கடைசிக் கோடாகக் கண்ணையும் திறந்துவிட்டான். கைப்பழக்கம்! உசுர் ஏற்றச் சாமிக்குச் செய்வதைத் தோல் உரித்த கழுத்துக்கு எவனாவது செய்வானா?

மதியம்தான், ஆனாலும் மழை மூட்டத்தில் கூடம் இருண்டு கிடந்தது. வார்னிஷ் வாசனைக்கு அடியில் கசாப்புக்கடைப் பக்கம் போனால் வருமே, அந்த வாடை. சமையல்கட்டில் சொம்பு நகரும் சத்தம். பிறகு, மடக்.

படத்தில் கட்டி ஏறியது. இறங்கியது.

"நாகு, இன்னா பண்றே?"

"தண்ணி குடிச்சிகினு கீறேன். இன்னாத்துக்கு?"

"இன்னொரு வாய் குடி."

மடக். ஏறியது.

தசரதன் படத்துக்குக் கிட்டே போனான். கழுத்தோரம் தான் எழுதிய சிவப்புக் குழாயில் மெதுவாக விரலை வைத்தான். சாயம் கதகதப்பாக இருந்தது. விரலுக்கடியில் துடித்தது. பதறிப்போய் டர்பன்டைன் துணியைப் படத்தின் இடது கண்ணில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தான்.

"ஐயோ, கண்ணு எரியுதே!" என்று உள்ளேயிருந்து அலறினாள்.

துணியை எறிந்துவிட்டு ஓடினான். அவள் சுவரில் முதுகு சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவனே தண்ணீர் தெளித்துக் கழுவினான். டாக்டரும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். இந்தப் படம் வீட்டை விட்டுப் போகக் கூடாது. கட்டியோடவே இருக்கட்டும், உசுரோட இருந்தா சரி.

"அண்ணாத்தே!" வாசலில் குரல். "ஆஸ்பத்திரி பியூன் சின்னப்பையன் வந்துகீறேன். டாக்டரு படத்தை எடுத்துகினு வரச் சொன்னாரு."

தசரதன் வாயைத் திறப்பதற்குள் கூடத்தில் காலடி கேட்டது. "நீ வேலையப் பாரு, நானே சுத்திக்கிறேன். பூந்தமல்லி பஸ்ஸு பூடும்."

சர்ர் என்று விறைத்த படத்துணி சுருளும் சத்தம்.

நாகவல்லியின் தாடை மெதுவாக மார்பைத் தொட்டது.

"இன்னாத்துக்கு குனியற, நாகு?"

"நான் குனியல. ஏதோ கழுத்தைப் புடிச்சி இசுக்குது..." அதற்கு மேல் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"சுத்தாதேய்யா! நிறுத்து!" என்று கத்திக்கொண்டே எழப் பார்த்தான். எழ முடியவில்லை. அவள் இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அப்படி ஒரு பிடி.

"ஆச்சு அண்ணாத்தே, ஏன் கத்துற? இன்னும் ரெண்டே சுத்து."

சர்ர்.

முதுகு சுவரை விட்டு அசையவில்லை. தோள் அசையவில்லை. கழுத்து மட்டும் மடிந்தது. மடிந்து, உள்ளே சுருண்டது.

சர்ர்.

நிமிர்ந்து உட்கார்ந்திருந்த நாகவல்லியின் கொண்டை அவள் மடியைத் தொட்டது. அவள் இன்னும் முழுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.