கை காய்ந்த நேரம்

செவ்வாய்க்கிழமைகளில் மிருதுளா காலைப் பலகாரத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு ஊற்றுப் பதிவகத்துக்குக் கிளம்பிவிடுவாள். கோவையில் கதை எழுதுகிற எல்லோருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். பேய்க் காதல் எழுதுபவர்களுக்குச் செவ்வாய். நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, அந்த வாரம் எழுதிய உரையாடலை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஊற்றுமானி கேட்டுக்கொண்டே இருக்கும். சொந்தக் கற்பனையில் பிறந்த வரி திரையில் பச்சையாக வரும். என்றோ யாரோ பேசிக் காதில் விழுந்த வரி மஞ்சளாக வரும்.

வீட்டுக்கு வீடு ஒட்டுக்கேட்கும் பெட்டிகளை வைத்து, ஜனங்கள் பேசியதையெல்லாம் கதையாக்கி விற்ற காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பின் வந்ததுதான் சொல்லுடைமைச் சட்டம். ஒரு வார்த்தை யாரிடம் சொல்லப்பட்டதோ, அவருக்கே அது சொந்தம். சொன்னவருக்குக்கூட இல்லை. நடுவில் நின்று கேட்டவருக்கோ ஒன்றுமே இல்லை.

சட்டம் வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அதற்கு முன் வெளியான அவளுடைய பதினோரு நூல்களை யாரும் சோதிக்கவில்லை. அவளுக்கு வயது எழுபத்து நான்கு. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் அவள் எழுதிய இமையன் என்ற பேய்க்காகப் பன்னிரண்டு வருடங்களாக உருகிக்கொண்டிருந்தார்கள். இமையன் செத்தவன். நேத்ரா உயிரோடிருப்பவள். அவ்வளவுதான் கதை. "உந்துதல் எங்கிருந்து வருது மேடம்?" என்று பேட்டிக்கு வருகிறவர்கள் கேட்டால், "யாரோ காதுல பேசுவாங்க, நான் எழுதிக்குவேன்" என்பாள். அது பொய்யில்லை. அவளுக்குக் கதை பேச்சாகத்தான் வரும். முகமும் அறையும் அப்புறம் வந்து உட்காரும்.

அன்று படித்தது பன்னிரண்டாவது நூலின் கடைசி அத்தியாயம். இருநூறு வரிகள் பச்சையாக ஓடின. பிறகு ஒன்று மஞ்சளாக நின்றது.

"கை காஞ்சு போச்சா? போய்க் கழுவிட்டு வா. நான் இருக்கேன்."

சாப்பிட்ட கையோடு தன்னிடம் பேசிக்கொண்டே உட்கார்ந்துவிடும் நேத்ராவிடம், ஒவ்வொரு நூலிலும் இமையன் சொல்கிற வரி. கடைசி அத்தியாயத்திலும் சொல்கிறான். அவள் கழுவிவிட்டு வருகிறாள். அவன் இல்லை.

"இது எம்பொண்ணு ரூம் கதவுல எழுதி வெச்சிருக்கற வரிங்கம்மா" என்றார் பரிசோதகர் பிரஜின். குரலில் சங்கடம். "இதொண்ண மட்டும் எடுத்துப்போட்டீங்கன்னா இன்னைக்கே முத்திரை குத்திக் குடுத்துருவனுங்க."

"எடுத்தா முடிவே நிக்காது, தம்பி."

"வேற ஏதாச்சும் சொல்ல வெக்கலாமுங்களே. பேய்தானுங்க, என்ன சொன்னாலும் சொல்லும்."

"அது சொல்லாது. வாரம் பூரா கெஞ்சிப் பாத்துட்டேன்."

அவர் படிவத்தைத் திரையில் விரித்தார். "அப்ப, வரி யாருக்குச் சொன்னதோ அவங்க இசைவு வேணும். இசைவுத்தாள்ல, அன்னைக்கு அதுக்கு முன்னாடி பேசுன முன்வரி, பின்னாடி பேசுன பின்வரி ரெண்டையும் மானியே உங்க நெனவுலிருந்து எடுத்துப் போட்டுரும். என்னால மாத்த முடியாது. போகட்டுங்களா?"

பின்வரி என்னவென்று மிருதுளாவுக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருடமாகத் தெரியும். ஆனாலும் எழுத்தாளர்கள் செய்கிற தப்பை அவளும் செய்தாள். நல்ல வரி ஒன்றைப் படித்தவர் அதோடு மனம் நிறைந்து நின்றுவிடுவார், கீழே பார்க்கமாட்டார் என்று நம்பினாள்.

"போகட்டும்" என்றாள்.

அடுத்த செவ்வாய் திருப்பூரிலிருந்து சம்யுக்தா வந்தாள். மிருதுளாவின் ஒரே மகள், வயது ஐம்பத்திரண்டு. அம்மாவின் புத்தகம் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. பேய் என்றால் பயம் என்பாள். ஆனால் தினமும் மதியம் ஒரு மணிக்கு அம்மாவுக்குப் போன் பேசத் தவறமாட்டாள்.

"உன் பேய்க்கு நான் எதுக்கம்மா கையெழுத்துப் போடோணும்?" என்று சிரித்தபடிதான் உட்கார்ந்தாள். பிரஜின் தாளை நீட்டினார்.

மூன்று வரிகள்தான் இருந்தன. முதல் வரி சம்யுக்தாவுடையது: 'சாப்ட கையோடயே பேசிட்டிருக்கேன்டா.' இரண்டாவது, அன்று போனில் அவளோடு பேசிய அவனுடையது, இமையனின் அதே வரி. மூன்றாவதுக்கு நேராக மிருதுளாவின் பெயர் இருந்தது. 'இனிமே கூப்பிடாத தம்பி. அவளேதான் சொல்லச் சொன்னா.'

சம்யுக்தா அதைப் படித்துவிட்டு, மறுபடி மேலேயிருந்து படித்தாள்.

"போனை ஸ்பீக்கர்ல போட்டு டேபிள் மேல வெச்சுட்டுப் போனேன்" என்றாள். யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை. "திரும்பி வந்தா லைன் கட்டாயிருந்துச்சு. நம்பரையே மாத்திட்டான்."

"பரிச்சை நேரம் சம்மு. பத்தொம்பது வயசு உனக்கு. அவனுக்கு ஒரு வேலையுமில்ல."

"கை கழுவ ரெண்டு நிமிசம் ஆகுமாம்மா? அந்த ரெண்டு நிமிசத்துல நான் என்ன தப்பு பண்ணேன்னு எத்தன வருசம் யோசிச்சிருப்பேன். டேய்னு கூப்பிட்டது புடிக்கலையோன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் ஒருத்தரையும் டேய்னு கூப்பிட்டதில்ல நான். என் மகனைக்கூட."

மிருதுளா தாளைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தாள். சம்யுக்தா விடவில்லை.

"அவன் செத்துட்டான்னு எழுதியிருக்கியாமே?"

"அது கதை, கண்ணு."

"உடுமலைல உயிரோட இருக்கான். பேத்தி பொறந்திருக்குதாம், யாரோ சொன்னாங்க. நீ பன்னெண்டு புக்கா அவன சாகடிச்சு, பாவம்னு நீயே அழுதிருக்க."

பிரஜின் தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

"வேண்டாம்னா விட்டுரு" என்றாள் மிருதுளா. "வரிய எடுத்துர்றேன்."

"அத போன வாரமே பண்ணியிருக்கலாம்." சம்யுக்தா எழுதுகோலை எடுத்தாள். "நான் இருக்கேன்னு அவன் சொன்னது எனக்கு. அது என்னோடது. எடுத்துக்க, தர்றேன். இத்தன வருசம் கேக்காம எடுத்தத இப்ப குடுத்துத்தான் என்ன ஆகப்போகுது." கையெழுத்திட்டாள். பிறகு மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். "இது எனக்குச் சொன்னதில்ல. அவனுக்குச் சொன்னது. சட்டப்படி அவனோட சொத்து. நான் சொல்லச் சொல்லலைன்னு அவன் தெரிஞ்சுக்கட்டும். நாளைக்கு உடுமலைக்குப் போறேன்."

"சம்மு..."

"வீட்டுக்கு ஆட்டோ சொல்லட்டுமா, இல்ல நீயே போய்க்குவியா?"

நூல் சித்திரையில் வந்தது. பிள்ளைகள் கடைசிப் பக்கத்தில் முகம் புதைத்து அழும் படங்கள் ஊரெல்லாம் ஓடின. புத்தகத்தில் அந்த வரியின் கீழே, சட்டம் கேட்டபடி, பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: சம்யுக்தாவிடம் சொல்லப்பட்டது. அந்தப் பெயரைப் பிள்ளைகள் மாய்ந்து மாய்ந்து தேடினார்கள். எத்தனை பாக்கியசாலி என்று எழுதினார்கள்.

அந்த வாரம் ஒரு நாள் மதியம், ரசம் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மிருதுளா மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். எதிரே போன். ஒரு மணி அடித்தது. பதிவகத்தில் சம்யுக்தாவைப் பார்த்த நாளுக்குப் பிறகு அந்த நேரத்தில் போன் ஒலிக்கவில்லை. எழுந்து போய்விட்டால் அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

காதைத் தீட்டிக்கொண்டு இமையனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவனும் பேசவில்லை. சோற்றுப் பருக்கைகள் விரலிடுக்கில் வெள்ளையாக இறுகின. இரண்டு மணிக்கும் அவள் கை கழுவப் போகவில்லை.