இப்போது உள்ளே இருப்பவர்கள்

சும்மா சோதித்துப் பார்க்க அவள் பட்டியலில் சேர்த்து வைத்திருந்த பொய் ஆள், முதல் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு வந்திருந்தது.

முதலில் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். விடுமுறை நாள் மத்தியானம், ஆளே இல்லாத அலுவலகம், ஜன்னலுக்கு வெளியே பிசுபிசுவென்று விடாத மழை. மூளை மழுங்காமல் என்ன செய்யும்? கட்டடத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று வாசல் காவலாளிக்குக் காட்டும் கணினிப் பக்கம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். கதவுக்குக் கதவு அட்டையைக் காட்ட வேண்டும். காட்டியதெல்லாம் டேட்டாபேஸில் பதிவாகும். வெளியே போனவர் பெயர் பக்கத்திலிருந்து தானாக மறைந்துவிடும். அந்தப் பதிவுகளை அட்டவணையில் கொட்டித் தர எத்தனையோ கருவிகள் இருக்க, இவளுக்குத் தன் கையால் செய்தால்தான் திருப்தி. வருகிற வரிகளை நிரலின் லூப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, படம் இந்தக் கட்டம், பெயர் இந்தக் கட்டம், மாடி இந்தக் கட்டம் என்று ஒவ்வொன்றாக உட்கார வைத்திருந்தாள்.

சரிபார்க்க இரண்டு பேராவது வேண்டுமே? புதிதாக ஓர் ஆளை உருவாக்க யாருக்குப் பொறுமை! தன் வரியையே பிரதி எடுத்திருந்தாள். அதே படம், அதே வீட்டு விலாசம். பெயரை மட்டும் 'டெஸ்ட்' என்று மாற்றி முதல் மாடியில் நிறுத்தியிருந்தாள். வேலை முடிந்ததும் அழித்துவிடலாம் என்று நினைப்பு.

கட்டங்களை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று வரிவரியாகப் பார்த்தாள். எல்லாம் சரி. பக்கத்தைப் புதுப்பித்தாள்.

'டெஸ்ட்' நிற்கும் மாடி: மூன்று.

போன் அடித்ததும் தூக்கிவாரிப்போட்டது. மகள்.

"எப்பம்மா வருவ? சித்தி கெளம்பிப் போயிட்டாங்க. தனியா இருக்கேன்."

"இதோ முடிஞ்சிருச்சுடா வாலு. அடுத்த தெருதானே, ஓடி வந்துடறேன். யார் பெல் அடிச்சாலும் தொறக்காத, என்ன? அம்மாகிட்ட சாவி இருக்கு."

"நூறு தடவ சொல்லிட்ட!"

சிரித்தபடி வைத்தாள். அப்போதுதான் மாடிப்படியில் அந்தச் சத்தம் கேட்டது. காலையில் மழையில் நனைந்ததிலிருந்து அவளுடைய இடது செருப்பு ஒரு மாதிரி கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அதே கீச்சு, அவள் நடக்கும் அதே வேகத்தில், படிப்படியாக மேலே வந்துகொண்டிருந்தது. மேஜைக்கு அடியில் காலால் துழாவினாள். கழற்றிப் போட்ட செருப்பு இரண்டும் அங்கேயே இருந்தன.

திரையில்: நான்கு.

அவள் இருப்பது நான்காம் மாடி.

கதவு 'பீப்' என்றது. தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது. அவள் நெற்றியில் தடவியிருந்த அதே தைலம். வாசனை முதுகுப் பக்கமிருந்து வந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் அவளுடைய பை. அதன் ஜிப் மெதுவாகத் திறந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

கீச்சு தள்ளிப் போனது. படியிறங்கியது. ஓய்ந்தது.

கண்ணைத் திறந்தபோது அட்டவணையில் ஒரு வரிதான் இருந்தது. அப்பாடா, தொலைந்தது! பெருமூச்சு விட்டவள், அந்த வரியின் பெயரைப் படித்தாள்.

டெஸ்ட்.

பையைக் கவிழ்த்து உதறினாள். வீட்டுச் சாவி இல்லை. கதவுக்கு ஓடி அட்டையைக் காட்டினாள். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. காவலாளியைப் போனில் அழைத்தாள்.

"அண்ணே, மேல வந்து கதவத் தொறங்க! சீக்கிரம்!"

"யாருங்க பேசறது?"

"நான்தான்ணே, நாலாவது மாடி!"

"மேடம் இப்பதான வெளிய போனாங்க. குடை தரவான்னு கேட்டேன், பக்கத்துலதானே வீடுன்னு நனைஞ்சுகிட்டே போயிட்டாங்க." அவர் தயங்கினார். "உங்க பேரு டெஸ்ட்டா? ஸ்க்ரீன்ல அதுதான் காட்டுது. மேல இருக்கறது சும்மா பொய் ஆளு, கண்டுக்காதீங்கன்னு மேடம் சொல்லிட்டுத்தான் போனாங்க."

வைத்துவிட்டார்.

மகளை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுடா. எடுடா கண்ணு.

"ஹலோ?"

"வாலு, கதவச் சாத்து! தாழ்ப்பாள் போடு! அம்மா சொல்றேன்!"

எதிர்முனையில் பயந்த சின்னக் குரல்: "யாரு நீங்க? அம்மா வந்துட்டாங்களே."

கீச்சு. கீச்சு. போனுக்குப் பக்கத்தில்.

"யாருடா கண்ணு அது?" அவளுடைய குரலேதான். வேலையில் களைத்த, அன்பான குரல். "ராங் நம்பரா இருக்கும். குடு, நான் பாத்துக்கறேன். நீ போய் லேப்டாப்ப எடுத்துட்டு வா. ஒரே ஒரு வேலை பாக்கி. ஒரு டெஸ்ட் வரிய அழிச்சிட்டா முடிஞ்சிது."

இணைப்பு துண்டிக்கப்படவில்லை. லேப்டாப் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு விசைகள் தட்டப்பட்டன, அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக.